காட்டு மலையில் இரும்பு உலக்கை

நம் வீடுகளில் உரலும் உலக்கையும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தை நேயர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பண்டிகைக்கு முன்னால் இரண்டு பெண்மணிகள் எதிரெதிரே நின்று ஒரே உரலில் மாறி மாறி உலக்கை போடுவார்கள். ஒருவர் உலக்கை மேலே போகும்போது மற்றவர் உலக்கை கீழே இறங்கும். கணக்குத் தவறினால் உலக்கையும் உலக்கையும் மோதும். அல்லது மாவு உரலுக்கு வெளியே சிதறும். இடித்த மாவைச் சலித்து, சல்லடையில் தங்கிய நொய்யைத் திரும்பவும் உரலில் கொட்டுவார்கள். இந்தக் காட்சியை மனத்தில் நிறுத்திக் கொண்டால், மலைக்காட்டில் தங்கச் சுரங்கத்தின் வாயிலில் ஒரு சிறிய ஆலை அமைப்பது எவ்விதம் என்னும் விஷயத்தில் பாதி விளங்கிவிடும்.

மற்றப் பாதி அவ்வளவு எளிதல்ல. அரிசி இடிக்கும் பெண்மணிக்கு உரலில் கிடப்பது அரிசிதான் என்பது நிச்சயமாகத் தெரியும். சுரங்க ஆலை கட்டுகிறவனுக்கு அந்த நிச்சயம் கிடையாது. அவன் இடிக்கப்போவது கல், அதில் எங்கோ, கண்ணுக்குத் தெரியாத அளவில், பொன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே ஆலையைக் கட்டி அழிந்தவர்கள் உண்டு. தெரிந்துகொண்டு கட்டித் தேசத்தின் பெயரையே பொன்னெழுத்தில் எழுதியவர்களும் உண்டு. இரண்டு வகையினருக்கும் நம் பக்கத்திலேயே, ஏறக்குறைய ஒரே காலத்தில், உதாரணம் இருக்கிறது. முன்னது நீலகிரி ஜில்லாவைச் சேர்ந்த தேவாலாவும் பந்தலூரும். பின்னது கோலார் தங்கவயல்.

பந்தலூரில் அடித்த பொன் காய்ச்சல்

கூடலூருக்கு மேற்கே, வயநாட்டின் தென்கிழக்குக் கோடியில், மழைக்குப் பேர்போன காட்டுப் பிரதேசம் ஒன்று இருக்கிறது. 1877-ம் ஆண்டு வரையில் மலபாரைச் சேர்ந்திருந்த அந்தப் பகுதியை அவ்வாண்டில் நீலகிரியோடு சேர்த்தார்கள். அங்கே ஓடைமணலை அரித்துப் பொன் எடுப்பது பழைய காலத்திலிருந்து நடந்துவந்த தொழில். குறும்பரும் பணியரும் அந்த வேலையைச் செய்தார்கள். பாறையைக் குடைந்து தோண்டிய பழங்குழிகளும் அங்கே அநேகம்.

1879-ல் இந்திய சர்க்கார் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்திலிருந்து ப்ரௌ ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை வரவழைத்தது. 1880-ல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. அதில் கண்ட நம்பிக்கையான கணக்குகள் லண்டன் பங்கு மார்க்கெட்டில் தீப்போல் பற்றிக்கொண்டன. இரண்டு மூன்று வருஷங்களுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் வயநாட்டுத் தங்கத்தை நம்பித் தோன்றின. அவை பெயரளவில் காட்டிய மூலதனம் நாற்பது லட்சம் பவுனுக்கு மேல். பந்தலூரில் வீடுகள் எழும்பின, தபால் ஆபீஸ் வந்தது, தந்தி வந்தது, காட்டு நடுவே குதிரைப் பந்தய மைதானங்கூட அமைந்துவிட்டது!

யந்திரங்கள் கப்பலில் மலபார்க் கரைக்கு வந்து இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டிகளில் கணவாய் ஏறின. ஆள்பலத்தாலும் மாட்டுப் பலத்தாலும் இரும்பு மலையேறிற்று. ஆனால் ஆலைகள் சில ஓடத் தொடங்கி, உலக்கைகள் விழுந்து, முதன்முதல் தங்கத்தை நிறுத்துப் பார்த்தபோது, அறிக்கையில் கண்ட கணக்குக்கும் தராசில் கண்ட கணக்குக்கும் வெகுதூரம் என்பது வெளியாயிற்று. பங்குகள் சரிந்தன. கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. பல யந்திரங்கள் பொருத்தப்படாமலே காட்டில் கிடந்து துருப்பிடித்தன. கொடிகள் அவற்றின் மேல் படர்ந்தன. பிற்பாடு அந்தச் சரிவுகளில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டமாயிற்று.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. வயநாட்டில் சுமைகூலியும் கொடுத்தாயிற்று, உரலும் உலக்கையும் வாங்கியாயிற்று. சுண்டைக்காய் இருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை.

மாட்டு வண்டியில் வந்த சிப்பாய்

கோலாரின் கதை வேறு விதம். 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் ராணுவ அதிகாரி, அந்தப் பக்கத்துக் கிராமவாசிகள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கேள்வியுற்று, தம் கண்முன்னே அரித்துக் காட்டச் செய்தார். அவர் எழுதிவைத்த விவரத்தை எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரர் படித்தார். அவர் நியூஸிலாந்து யுத்தத்திலிருந்து திரும்பிப் பெங்களூரில் குடியேறிய சிப்பாய். 1871-ல் அவர் மாட்டு வண்டி ஏறிச் சுமார் அறுபது மைல் சென்று அந்த மண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். 1875-ல் மைசூர் சர்க்காரிடம் சுரங்க உரிமையும் பெற்றார். அவரிடம் ஆசை இருந்த அளவுக்குப் பணம் இல்லை. உரிமை கைமாறிற்று. 1880-ல் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி ஏற்பட்டது. ஜான் டெய்லர் கம்பெனியார் அதன் நிர்வாகத்தை ஏற்றனர்.

அங்கேயும் முதல் சில ஆண்டுகள் ஏமாற்றந்தான். மூலதனம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. கடையைக் கட்டிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. மிஞ்சிய பணத்தை எதில் செலவிடுவது? புது யந்திரத்திலா, கட்டிடத்திலா? இரண்டிலும் அல்ல. பழங்காலத்தவர் தோண்டி விட்டுப்போன குழிகளுக்கு அடியில் கிணறு இறக்கினார்கள். 1880-க்குப் பின் வந்த பத்தாண்டுகளின் நடுவில் அங்கேதான் 'சாம்பியன் ரீப்' என்று புகழ்பெற்ற தாது நரம்பு அகப்பட்டது. அதன் பிறகே உலக்கைகள் பத்துப் பத்தாகப் பெருகின.

இரண்டு இடத்திலும் ஆள் ஒன்றே, யந்திரமும் ஒன்றே. கல்லைக் கேட்ட பிறகு ஆலையைக் கட்டினார்கள் என்பதும், ஆலையைக் கட்டிய பிறகு கல்லைக் கேட்டார்கள் என்பதுமே வித்தியாசம். பூமியின் கொடை இரண்டிடத்திலும் சமமல்ல என்பது மெய்யே. ஆயினும் கொடை எவ்வளவு என்று விசாரிப்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை அல்லவா?

கல்லை விசாரிப்பது எப்படி?

ஒரு டன் கல்லில் பத்துக் கிராம் பொன் இருந்தால் அது நல்ல தாதுவென்று சொல்லலாம். பத்துக் கிராம் என்பது நம் கணக்கில் ஒன்றேகால் பவுன். அதாவது லட்சத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய இரண்டு கிலோ அரிசியில் ஒரே ஒரு மணி எப்படியோ அப்படி. இதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது இயலாத காரியம். மேலும், கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற மஞ்சள் பெரும்பாலும் கந்தகமும் இரும்பும் சேர்ந்த போலிப் பொன்.

ஆகவே விஷயமறிந்தவர்கள் மின்னும் கல்லைப் பொறுக்குவதில்லை. தாது நரம்பின் குறுக்கே, குறிப்பிட்ட அடிக்கு ஒன்றாக, ஒரே அகலமும் ஆழமும் உள்ள வாய்க்கால்களை வெட்டுவார்கள். நல்ல இடம், கெட்ட இடம் என்று பார்ப்பது கிடையாது. அதில் விழுந்த கல்லை எல்லாம் நொறுக்கி ஓர் அம்பாரமாகக் குவிப்பார்கள். குவியலின் தலையைத் தட்டி வட்டமாகப் பரப்பி, அடை கீறுவதுபோல் நாலாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்குகளை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிடுவார்கள். மறுபடி நொறுக்கு, மறுபடி குவி, மறுபடி நாலாகப் பிரி. இப்படியே ஒரு கைப்பிடித் தூள் மிஞ்சும் வரையில் செய்து, அதை ஈயத்தோடு சேர்த்துப் புடமிட்டுப் பொன்னைப் பிரித்து நிறுப்பார்கள். நம் ஊர்ப் பொற்கொல்லர் அறிந்த அதே புடந்தான்.

பூமியின் மேற்பரப்பில் மழையும் வெயிலும் பட்டு உளுத்துப்போன கல்லில் பொன் செறிந்து நிற்பதுண்டு. அந்தப் பொன் எளிதில் பிரியவும் செய்யும். ஆனால் சில அடி கீழே போனால் கந்தகத்தோடு பின்னிக்கொண்ட கடினமான கல் எதிர்ப்படும். மேலே கண்ட செழிப்பைக் கொண்டு கீழே உள்ளதை மதிப்பிட்டால் மோசம் போக வேண்டியதுதான். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

எவ்வளவு பெரிய ஆலை?

கல் நல்லதென்று ஏற்பட்டபின் அடுத்த கேள்வி அளவைப் பற்றியது. உதாரணமாக ஒரு கணக்குப் போடுவோம். தாது நரம்பு ஒரு மீட்டர் அகலம், நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் ஆழம் என்று நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பதினாயிரம் கன மீட்டர். வெள்ளைக் கல் ஒரு கன மீட்டர் சுமார் 2.65 டன் நிறுக்கும். ஆகவே மொத்தம் 26,500 டன். ஒரு நாளைக்கு 20 டன் அரைக்கும் ஆலை, வருஷத்தில் 300 நாள் ஓடினால் 6,000 டன் தின்றுவிடும். எனவே கைவசம் இருப்பது நாலரை ஆண்டுகளுக்கும் குறைந்த தீனி. இந்த நாலரை ஆண்டுக்குள் ஆலையின் செலவு திரும்பிவந்தால் கட்டலாம்; வராது என்றால் கட்டக்கூடாது. நூறு டன் ஆலை போட்டால் சீக்கிரம் லாபம் வரும் என்று ஆசைப்படுகிறவன் ஓராண்டுக்குள் உலக்கைக்குப் போடக் கல் இன்றி நிற்பான். சிறிதாகக் கட்டி, பெரிதாக்குவதற்கு இடம் விட்டுவைப்பதே புத்திசாலித்தனம். இட்டிலிக்கு அரைக்கும் குடும்பம் கல்யாணத்துக்கு வேண்டிய ஆட்டுரலை வாங்கி வீட்டில் போடுகிறதா?

மலைச்சரிவே மாடிப்படி

இடம் தேடுவதில் நூதனமான ஒரு விதி உண்டு. கட்டிடம் கட்டுகிறவர்கள் சமதரையை நாடுவார்கள். தாது ஆலை கட்டுகிறவர்கள் சரிவை நாடுவார்கள். கல் உச்சியில் நுழைய வேண்டும். அங்கிருந்து நொறுக்கும் யந்திரம், சேமிக்கும் தொட்டி, உலக்கை, தகடு, தொட்டிகள் என்று ஒவ்வொரு படியாகத் தானே இறங்கி வரவேண்டும். ஏற்றுவதற்குக் காசு செலவாகும். இறங்குவதற்குப் பூமியின் இழுப்பே கூலியின்றி வேலை செய்யும். பழைய ஆலைகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் மலையில் சாய்த்துவைத்த மாடிப்படி போலத் தோன்றுவதன் காரணம் இதுவே.

இரண்டாவது தேவை ஜலம். உலக்கை ஆலையில் கல்லை உலர இடிப்பதில்லை; நீர் பாய்ச்சிக் குழம்பாகவே இடிப்பார்கள். ஒரு டன் கல்லுக்கு ஐந்தாறு டன்னோ அதற்கு மேலோ ஜலம் வேண்டும். இருபது டன் ஆலைக்குத் தினம் நூறு டன்னுக்கு மேல். கோடையில் ஓடை வற்றினால் ஆலையும் வற்றும். கோலாரில் மழை குறைவு. பாலாற்றின் பேத்தமங்கலத்து நீரைக் கொண்டுதான் தங்கவயலின் தாகம் தீர்ந்தது.

மூன்றாவது தேவையைப் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை. லட்சத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, மிஞ்சிய 99,999 பங்கை எங்கே கொட்டுவது? இதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

கழுதைப் பொதிக்கு ஏற்ற யந்திரம்

வண்டிப் பாதை இல்லாத மலையில் யந்திரத்தைச் சேர்ப்பதுதான் உண்மையான சோதனை. கோவேறு கழுதை ஒன்று சுமார் 300 ராத்தல் சுமக்கும். ஆலையின் வார்ப்பிரும்பு உரலோ இரண்டு மூன்று டன் நிறுக்கும். ஆகையால் தொலைவான சுரங்கங்களுக்கென்றே உரலையும் சக்கரத்தையும் துண்டு துண்டாக வார்த்து, ஒவ்வொரு துண்டிலும் எண் பொறித்து, மலைமேல் ஆணியும் மரையும் போட்டுப் பூட்டும்படி செய்து அனுப்பினார்கள். வழியில் ஒரு துண்டு பள்ளத்தில் விழுந்தால் மற்றத் துண்டுகள் எல்லாம் வெறும் பாரந்தான். கடல் கடந்து மறு துண்டு வரும் வரையில் மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே காட்டில் ஆலை வரைகிறவன் ஒவ்வோர் உறுப்பையும் பார்த்து மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். இதை மேலே கொண்டுவர முடியுமா? உடைந்தால் இங்குள்ள கருமானும் தச்சனும் சரிசெய்ய முடியுமா? முடியாவிட்டால் மாற்று உறுப்பு ஒன்று அலமாரியில் இருக்கிறதா? திறமை மிகுந்த யந்திரம் என்று விளம்பரப் புஸ்தகம் புகழ்வதைக் காட்டிலும், எளிதில் பழுது பார்க்கக்கூடிய யந்திரமே அங்கே உயர்ந்தது.

அடித்தளத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது. பழைய நாளில் ஆழமான குழி வெட்டி, பெருமரக் கட்டைகளைச் செங்குத்தாக இறுக்கி நிறுத்தி, அவற்றின் தலைமேல் இரும்பு உரலை அமர்த்துவார்கள். பிற்காலத்தில் கான்கிரீட் அந்த இடத்தைப் பிடித்தது. அடித்தளம் ஒரு நூல் அசைந்தாலும் அடியின் வேகம் கல்லைச் சேராமல் கட்டிடத்தைச் சேரும். ஆணிகள் தளரும், அச்சு முறியும்.

உலக்கை விழுகிறது

ஆலை ஓடத் தொடங்கும் காட்சியைச் சிறிது கற்பனை செய்துகொள்வோம். சுரங்கத்திலிருந்து வந்த கல் இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் கொட்டப்படுகிறது. சிறு கல் நழுவி விழ, பெருங்கல் இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே போய் மெல்லப்படுகிறது. 1858-ல் அமெரிக்கரான பிளேக் இந்தத் தாடை யந்திரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். முஷ்டியளவாக உடைந்த கல் தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து உலக்கைகளுக்குச் செல்கிறது.

உரல் ஒன்றுக்கு உலக்கை ஐந்து. ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் ராத்தல். சுழலும் அச்சில் உள்ள வளைந்த இரும்புக் கை உலக்கையைத் தூக்கிவிட, அது எட்டங்குலம் ஏறித் தன் பாரத்தால் விழுகிறது. நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி. தூக்கும்போதே அந்தக் கை உலக்கையைச் சிறிது திருப்பியும் விடுகிறது. ஆகையால் உலக்கையின் அடி ஒரே பக்கமாகத் தேய்வதில்லை. ஐந்தும் வரிசையாக விழுந்தால் கல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். எனவே முதலாவது, நாலாவது, இரண்டாவது, ஐந்தாவது, மூன்றாவது என்று மாற்றி மாற்றி விழச் செய்வார்கள். நம் வீட்டுப் பெண்மணிகள் கைக்கணக்காக அறிந்திருந்த அதே தத்துவம்! பத்து உலக்கை ஆலையில் நிமிஷத்துக்குத் தொள்ளாயிரம் அடி. இரவும் பகலும் இந்த ஓசை ஓயாது. ஓய்ந்தால்தான் கவலை.

குழம்பு சல்லடை வழியாகத் தெறித்து வெளியே வருகிறது. சாய்வாக அமைத்த செப்புத் தகடுகளின் மேல் மெல்லிய படலமாக ஓடுகிறது. தகட்டின் மேல் பாதரசம் பூசியிருக்கும். பொன்துகள் பாதரசத்தில் பட்டதும் அதில் கரைந்து ஒட்டிக்கொள்ளும். கல்தூள் நீரோடு போய்விடும். குறித்த நேரத்தில் தகட்டைச் சுரண்டி, அந்த வெண்மையான பசையைத் தோலில் வைத்துப் பிழிந்து, மூடிய பாத்திரத்தில் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகப் பிரியும். பொன் அடியில் நிற்கும். இந்தத் தகட்டு அறைக்குத்தான் பூட்டும் காவலும் அதிகம்.

ஆனால் பாதரச ஆவி மனிதனுடைய நரம்பை அரிக்கும் விஷம். இன்று 2013-ல் ஏற்பட்ட மினமாதா உடன்படிக்கை, கல் முழுவதையும் பாதரசத்தில் கலந்து பொன்னெடுக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று தேசங்களைக் கேட்டுக்கொள்கிறது. இக்காலத்தில் புதிதாகச் சிறிய ஆலை வரைகிறவர்கள் உலக்கைக்குப் பதில் இரும்புக் குண்டுகள் உருளும் பீப்பாயையும், பாதரசத் தகட்டுக்குப் பதில் பள்ளமும் மேடுமாக வரியிட்டு ஆடும் மேஜையையும் வைக்கிறார்கள். கனமான பொன் வரிகளில் தங்க, லேசான மணல் கழிந்து போகிறது. முறத்தில் புடைப்பதும் பட்டறைத் தெருப் புழுதியை அரிப்பதும் இதே வித்தைதான்.

தப்பிய பொன்னைப் பிடிக்கும் விஷம்

தகட்டுக்குத் தப்பிய பொன் கொஞ்சமன்று. கல்லைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்குகூடக் கழிமண்ணோடு போய்விடும். 1887-ல் கிளாஸ்கோ நகரத்து மக்கார்தரும், பாரஸ்ட் சகோதரர் இருவரும் ஒரு முறையைக் கண்டு உரிமை பெற்றனர். பதினாயிரத்தில் ஐந்து பங்குக்கும் குறைவான சயனைடு கரைந்த நீர், காற்றும் சேர்ந்தால், பொன்னை உப்பைப் போல் கரைத்துவிடுகிறது. அந்த நீரைத் துத்தநாகச் சீவலின் மேல் விட்டால் பொன் திரும்பவும் கருந்தூளாகப் படிந்துவிடுகிறது. இக்காலத்தில் துத்தநாகத்துக்குப் பதிலாகப் பல ஆலைகளில் கொட்டாங்கச்சிக் கரி உபயோகிக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பதப்படுத்திய கொட்டாங்கச்சிக் கரி பல தேசங்களுக்கு ஏற்றுமதியாகிறது. நம் சமையலறையில் துருவி எறிந்த தேங்காயின் ஓடு, கடல் கடந்து பொன்னை உறிஞ்சுகிறது என்பது வேடிக்கையல்லவா?

இந்தக் கரைசலில் எப்பொழுதும் சுண்ணாம்பு போதிய அளவில் இருக்கவேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் சயனைடு உயிர்கொல்லும் வாயுவாகக் கிளம்பிவிடும். ஆகவே, ஆலையின் பாதுகாப்பு ஒரு தொழிலாளி சுண்ணாம்புத் தொட்டியை எத்தனை கவனத்துடன் பார்க்கிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது. அவருக்கு உண்மையைச் சொல்லிக் கொடுக்காமல் வேலையை மட்டும் சொல்லிக் கொடுக்கும் நிர்வாகம் குற்றமுள்ள நிர்வாகம்.

சக்தி விஷயமும் சாமானியமன்று. கடினமான கல்லை மாவாக்க டன்னுக்குச் சுமார் 15 யூனிட் மின்சாரம் பிடிக்கும். மின்சாரம் வருமுன் கோலாரில் கொதிகலன்களுக்கு விறகும் நிலக்கரியும் இரையாயின. 1902-ம் ஆண்டு ஜூன் 30 அன்று காவேரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 92 மைல் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்த முயற்சிக்கு மூலகாரணமாக இருந்த திவான் சேஷாத்ரி ஐயர் அதைக் காணாமல் 1901-லேயே காலமாகிவிட்டார்.

மிஞ்சிய மேடு

பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயிலில் நாம் ஒரு முறை சென்றோம். ஊர் நெருங்கியதும் சாம்பல் பூத்த தட்டையான குன்றுகள் தோன்றின. உடன் வந்த முதியவர் ஒருவர், "அவை மலையல்ல ஐயா, எங்கள் பாட்டன் முப்பாட்டன் இடித்த மாவு" என்றார். இதைவிடச் சுருக்கமாக யாரும் தங்கவயலின் சரித்திரத்தைச் சொல்ல முடியாது.

வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து பஞ்சமும் வறுமையும் துரத்திய ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே போய்ப் பூமியின் அடியில் இறங்கினார்கள். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழ்ந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் ஐந்து கோடி டன்னுக்கு மேற்பட்ட கல்லை உடைத்துச் சுமார் 800 டன் பொன் எடுத்தார்கள். அந்தப் பொன்னில் பெரும்பகுதி எந்தத் தேசத்துக்குப் போயிற்று என்பதை நேயர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. தம்மைத் திருடர்களைப்போல் நடத்திக் கைரேகை பதியச் சொன்னதை எதிர்த்து 1930-ல் அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1956-ல் மைசூர் அரசாங்கம் சுரங்கத்தை ஏற்றது; பிறகு மத்திய அரசாங்கத்துக்குக் கைமாறிற்று. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. உலக்கை ஓசைக்கும் சங்கு ஓசைக்கும் பழகிய ஊர், ஓசையற்ற ஊராயிற்று. இன்று அவ்வூரின் மக்களில் அநேகர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

மேடுகள் மட்டும் போகவில்லை. மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிமண் அங்கே கிடக்கிறது. காற்றுக் காலத்தில் அந்த வெண்தூள் வீட்டுக் கூரையிலும் சோற்றுத் தட்டிலும் வந்து விழுகிறது. அதில் இன்னும் மிஞ்சியுள்ள பொன்னை எடுக்கலாமா என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. எடுக்கட்டும், ஆனால் மறுபடியும் எஞ்சப்போகும் மண்ணை எங்கே, எப்படி மூடுவது என்பதை முதலிலேயே எழுதிவைத்துவிட்டு எடுக்கட்டும்.

அலட்சியம் என்ன செய்யும் என்பதற்கு ருமேனியாவின் பாயா மாரே சாட்சி. 2000 ஜனவரி 30-ல் அங்கே கழிமண் அணை ஒன்று உடைந்து, ஒரு லட்சம் கன மீட்டர் அளவுள்ள சயனைடு கலந்த நீர் ஆற்றில் பாய்ந்து, டீஸா நதி வழியாக டான்யூப் வரையில் சென்றது. மீன்கள் கூட்டங் கூட்டமாக மடிந்தன. அந்த ஆலையும் பழைய கழிமண்ணிலிருந்து மிஞ்சிய பொன்னை எடுப்பதற்கென்றே ஏற்பட்டதுதான் என்பதைத் தங்கவயலைப் பற்றி யோசிப்பவர்கள் மறக்கலாகாது.

"உரலுக்குள் தலையை விட்டபின் உலக்கைக்கு அஞ்சலாமா?" என்பார்கள். தலையை விடுவதற்கு முன்னால் அஞ்சுவது கோழைத்தனமன்று; அதுவே யந்திர சாஸ்திரத்தின் முதற்பாடம். நம் வீட்டுப் பிள்ளைகளில் யாரேனும் சுரங்கக் கல்வி கற்று நாளை ஓர் ஆலையின் படத்தை வரைய உட்காரக்கூடும். அவர்கள் கல்லை விசாரித்த பிறகு உலக்கையின் எண்ணிக்கையை எழுதட்டும். உலக்கையை எழுதுமுன், காகிதத்தின் அடியில் கழிமண் மேட்டின் இடத்தையும், அந்த மேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கப் போகிறவர்களின் கிணற்றையும் குறித்துக்கொள்ளட்டும். பந்தலூர் காட்டில் துருவேறிப் போன இரும்பும், மாரிக்குப்பத்து ரயில் ஜன்னலில் தெரியும் வெண்குன்றும் அவர்களிடம் கேட்பது அவ்வளவே.